அஞ்சாதவர் பேட்ஜும் ஆளுயர மாலையும்

மரக்காணம்,
சித்திரை 21, ஞாயிறு.

பிரம்மதேசத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி இருசப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மரக்காணம் பஞ்சநாதன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம். கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டும் என்ற மரியாதைக்காக இதை எழுதவில்லை, செய்தியாகவே எழுதுகிறேன். மூச்சு விடுகிறேன், காலையில் மூன்று இட்லி சாப்பிட்டேன், நாலாவது வேண்டாம் என்று சொன்னேன். என் மனைவி ராசம்மாள் நெற்றி நிறையப் பொட்டோடு இருக்கிறாள். தங்கள் மருமகளாக வரப்போகும் இலக்கியா நலம். தாங்களும் சம்பந்தியம்மாள் அமராவதி அவர்களும் மாடு கன்றுகளும் மணிலாக்கடலைக் கொல்லையும் சௌக்கியமாயிருக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை இரண்டு முறை போட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு போனைப் பார்க்கவே பயந்து, நேற்று ராத்திரி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். வியாழக்கிழமை தாங்கள் என் வீட்டு வாசலிலிருந்து, போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வேனில் ஏறிப் போனீர்களே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவது வழக்கம். தாங்கள் வழக்கத்துக்காகப் போனீர்களா, கோபத்தில் போனீர்களா என்று தெரியாமல் நானும் ராசம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வைகாசி பதினைந்து நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம். அது நடக்குமா நின்றுபோகுமா என்பது இந்தக் கடிதத்தைத் தாங்கள் கிழித்துப் போடாமல் கடைசி வரை படிப்பதில்தான் இருக்கிறது.

இத்தனையும் மாப்பிள்ளை பிரபுவின் நல்ல மனசால் வந்தது. குற்றமாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கள் தெருவில் கேட்கும்போதெல்லாம் பேட்ஜ் செய்கிறார் என்று சொல்லுவேன், போலீசுக்கா பள்ளிக்கூடத்துக்கா என்பார்கள். புதுச்சேரியில் அவருடைய கம்பெனியில் போன் வழியாகப் பாடம் நடத்துகிறார்கள் என்பதும், ஒரு பாடத்தை முடித்தால் போனுக்குள் ஒரு வில்லை வந்து மின்னும் என்பதும், அந்த வில்லையை வரைகிறவர்தான் நம் மாப்பிள்ளை என்பதும், அதைப் பார்த்தால் படிக்கிறவனுக்கு அடுத்த பாடம் படிக்க ஆசை வரும் என்பதும் எனக்கே நிச்சயதார்த்தத்தன்றுதான் புரிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் ஏதோ தெரியாத நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. நான் பயந்துபோய் அதை வாழை இலைக்கு அடியில் ஒளித்து வைத்ததை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். “இன்னா மாமா, போனுக்கே இப்படிப் பயந்தா எப்படி? எங்க கோர்ஸ்ல சேத்துவுட்டுர்றேன், ஒரே மாசத்துல பயம் போயிடும் பாருங்க” என்றார். நான் பயந்தவன் என்பது ஊருக்கே தெரியும். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், லிப்டுக்குப் பயம். முப்பத்தோரு வருஷம் உப்பளத்தில் எடை எழுத்தராக இருந்தும் முதலாளி எதிரில் எடையைச் சத்தமாகச் சொன்னதில்லை, துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவேன். ஆனால் மாப்பிள்ளை சொல்லுக்கு மறுப்புச் சொல்வது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், ஆகையால் சேர்ந்துவிட்டேன். படிப்பின் பெயர் ‘முதியோருக்குக் கைப்பேசித் துணிவு’.

சம்பந்தி, தங்களிடம் ஒளிக்கக் கூடாது. முதல் நாள் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினேன். உடனே கலர் காகிதம் பறந்து, மேளச் சத்தம் கேட்டு, ‘முதல் அடி’ என்று ஒரு பச்சை வில்லை வந்து, அபாரம் பஞ்சநாதன் என்று எழுதிக் காட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மூட்டைகூடக் கணக்குத் தப்பவிடாதவனை யாரும் அபாரம் என்று சொன்னதில்லை. முதலாளி சொன்னதெல்லாம் “ஏம்பா, பேனாவ கடிக்காத” என்பதுதான். அன்றையிலிருந்து நான் அந்த வில்லைகளுக்கு அடிமை. அடுத்தது ‘அணையாத் தீ’. தினம் ஒரு பாடம் விடாமல் படித்தால் ஒரு சின்னத் தீ எரியும், ஒரு நாள் விட்டால் அணைந்துவிடும். தீ எரிகிற சந்தோஷத்தைவிட அணைந்துவிடுமோ என்கிற பயம்தான் என்னைப் படிக்க வைத்தது. ஆறாம் நாள் வீட்டில் டவர் கிடைக்கவில்லை. நான் ஓட்டமாக உப்பளத்துக்குப் போய், வாரிக் குவித்திருந்த உப்பு அம்பாரத்தின் உச்சியில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். கால் முட்டி வரைக்கும் உள்ளே போய்விட்டது. எங்கள் உப்பள மேஸ்திரி சாலமன் பாத்தியிலிருந்து கத்துகிறான், “யோவ் எழுத்தரே, எறங்குய்யா! அம்பாரம் சரியுது!” ஏற்கெனவே ஒரு எடைச் சண்டையில் எட்டு வருஷமாக என்னோடு பேசாதவன் அவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தான். இரும்யா, பதினொன்றாம் கேள்வியில் இருக்கிறேன் என்று சொன்னேன். அம்பாரம் சரிந்தது, நானும் சரிந்தேன், ஆனால் தீ அணையவில்லை.

கடைசிப் பரீட்சையில் இருபது கேள்வி. தெரியாதவர் கூப்பிட்டு உங்கள் பேங்க் கணக்கு முடங்கிவிட்டது என்றால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. பயப்படுவேன் என்று ஒரு விடை இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. போனைக் கட் செய்வேன் என்று இருந்தது, பயந்தால் நான் செய்வதும் அதுதானே என்று அதை அழுத்தினேன். சரி! பார்த்தால் எல்லாக் கேள்விக்கும் எடுக்காதே, திறக்காதே, சொல்லாதே என்பதுதான் சரியான விடை. இருபதுக்கு இருபது வாங்கினேன். பயந்தவனுக்காகவே எழுதின பரீட்சை போலிருக்கிறது. அதற்குத்தான் ‘அஞ்சாதவர்’ என்கிற பெரிய பேட்ஜைக் கொடுத்தார்கள்.

இனிமேல்தான் வினை. பெரிய பேட்ஜுக்குப் போட்டோ கேட்டது. என்னிடம் உருப்படியாக இருக்கிற போட்டோ ஒன்றே ஒன்று, நான் ஓய்வு பெற்ற அன்று உப்பளத்தில் எடுத்தது. கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம், முகத்தில் இனி என்ன ஆகுமோ என்கிற சோகம். அதைத்தான் ஏற்றினேன். ஒரே பெயரில் பல பேர் படிப்பதால் பிறந்த தேதியும் கேட்டது, கொடுத்தேன். மாப்பிள்ளையின் கைவண்ணத்தில் பேட்ஜ் வந்தது. குற்றமாகச் சொல்லவில்லை சம்பந்தி, கலை என்றால் கலைதான். வட்டத்துக்குள் மாலையோடு என் முகம், சுற்றிலும் பச்சை இலை வளையம், மேலே ஒரு சுடர், கீழே பெரிய எழுத்தில் என் பெயர், பெயருக்கு இடப்பக்கம் நான் பிறந்த தேதி, வலப்பக்கம் பேட்ஜ் கொடுத்த அன்றைய தேதி. மீதியெல்லாம் ஆங்கிலத்தில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. நம் பக்கத்தில் சுவருக்குச் சுவர், கம்பத்துக்குக் கம்பம் இந்த மாதிரிப் படத்தை எதற்கு ஒட்டுவார்கள் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு மட்டும் அது அந்த நிமிஷம் தோன்றவில்லை. அபாரம் என்ற வார்த்தை கண்ணை மறைத்துவிட்டது. இதைப் பகிர்ந்து பிறரையும் ஊக்குவியுங்கள் என்று கீழே ஒரு பொத்தான் இருந்தது. உப்பளக் குழு, எங்கள் தெருக் குழு, இலக்கியா–பிரபு திருமணக் குழு, மூன்றுக்கும் அனுப்பிவிட்டு, பெருமையாக ஒரு குளியல் போடப் போனேன்.

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நாற்பத்தேழு பேர் கும்பிடும் கை போட்டிருக்கிறார்கள். எனக்கு இத்தனை மதிப்பா என்று புல்லரித்துப்போய், ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் பதில் போட்டேன், “மிக்க நன்றி. முயன்றால் தங்களுக்கும் விரைவில் கிடைக்கும்” என்று. தங்கள் பெரியப்பாவுக்கும் அதையே போட்டுவிட்டேன், எண்பத்தாறு வயசுக்காரர், அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவும். இதற்கிடையில் மாப்பிள்ளை, தான் வரைந்த பேட்ஜ் என்பதால் அது பேட்ஜ் என்று தெரிந்த ஒரே மனிதர், கல்யாணக் குழுவில் “சூப்பர் மாமா! ரொம்ப நாளா இதுக்குத்தான் வெயிட் பண்ணேன்” என்று எழுதி, பட்டாசு வெடிக்கும் படம் நாலு போட்டாராம். மாமனார் போய்ச் சேர்ந்ததுக்கு மாப்பிள்ளை பட்டாசு வெடிக்கிறானே என்று தங்கள் வகையறாவில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். தாங்கள் உடனே என்னை அழைத்தது உண்மை. ஆனால் தங்கள் போனில் சார்ஜ் இல்லாமல் யாரோ ஒருவர் போனிலிருந்து அழைத்தீர்கள். தெரியாத நம்பர். இருபதுக்கு இருபது வாங்கியவன் என்ன செய்வேன்? கட் செய்தேன். பதினேழு தடவை.

முதலில் வந்தவர் மளிகைக்கடை நூர் முஹம்மது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தலைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர், நான் பனியனோடு கதவைத் திறந்ததும் ரெண்டடி பின்னால் போனார்.

“யா அல்லா! அண்ணே, நீங்களா?”

“நான்தான் பாய்.”

“உசுரோடவா?”

“அப்படித்தான் நெனைக்கிறேன்” என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததில் எனக்கே கொஞ்சம் சந்தேகமாகிவிட்டது. அவர் போனை நீட்டிப் படத்தைக் காட்டின பிறகுதான், சம்பந்தி, என் படத்தை நான் ஊரார் கண்ணால் பார்த்தேன். அங்கேயே வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறந்த தேதியும் சரி, பெயரும் சரி, மாலையும் சரி, அந்த வலப்பக்கத் தேதி அன்றைய தேதி. இது பேட்ஜாக வந்ததா, இல்லை மேலேயிருந்து சொல்லி அனுப்பினதா என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராசம்மாள் எட்டிப் பார்த்தாள், தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், “பாவி மனுசா, உன்ன யாரு பேட்ஜ் வாங்கச் சொன்னது? இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் நீ இந்த நாற்காலிய வுட்டு எழுந்திருக்கக் கூடாது” என்று சொல்லி என் தலையைச் சுற்றி எலுமிச்சம்பழம் அறுத்தாள்.

அதற்குள் சாலமன் தன் ஆட்கள் நாற்பது பேரோடு வந்துவிட்டான். உப்பளத்தில் ஒருத்தர் போய்விட்டால் அன்றைக்கு யாரும் பாத்தியில் இறங்க மாட்டார்கள், வாரும் பலகையை வரப்பில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எட்டு வருஷத்தில் அந்த ஒரு கத்தலைத் தவிர என்னோடு பேசாதவன் தெருமுனையிலேயே “எழுத்தரே, உன்னாண்ட ஒரு நல்ல வார்த்த பேசாம போய்ட்டனே” என்று மாரில் அடித்துக்கொண்டு வருகிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து என் காலைப் பிடித்து அழுதான். இருமினேன். துள்ளிக் குதித்து நாலு பேர் மேல் விழுந்தான். விஷயம் தெரிந்ததும், “சாவாதவனுக்கு இன்னாய்யா மாலையும் தேதியும்? மேல வானம் கருத்துகினு வருது, வாரின உப்பு அப்படியே கெடக்குது” என்று திட்டிவிட்டுப் போய்விட்டான், இப்போது மறுபடியும் பேசுவதில்லை. ஆனால் அவன் அழுததை நான் பார்த்துவிட்டேன், அது போதும்.

இலக்கியா திண்டிவனத்தில் வேலையிலிருந்தவள், பஸ்ஸில் வந்தாளாம், ஒற்றைக் கால் செருப்போடு வந்து இறங்கினாள், இன்னொன்று எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அழக்கூட இல்லை. கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் “ஏம்ப்பா இப்படிப் பண்ண?” என்று ஒரே அழுகை. சம்பந்தி, நான் போனால் என் பெண் எப்படி வருவாள் என்பதை நான் உயிரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எந்தத் தகப்பனும் பார்க்கக் கூடாத காட்சி அது. அவள் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விடக் கூடாதே என்கிற பயம் எனக்கு முன்பே உண்டு, இப்போது அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த நேரத்தில்தான் தங்கள் வேன் வந்தது. பதினாலு பேர், ஆளுயர ரோஜா மாலை. தாங்கள் மாலையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு, கண்ணீர் வழிய, “நேத்துகூடப் பேசினாரே” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தீர்கள். பசி தாங்காமல் நான் அப்போதுதான் இட்லித் தட்டைக் கையில் வாங்கினேன். வாயில் இட்லியோடு வாங்க சம்பந்தி என்று சொன்னது தப்புத்தான், வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தாங்கள் மாலையைக் கீழே போட்டதும், வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும், “மண்டபத்துக்குப் போன் பண்ணி வைகாசி இல்ல, ஒரு வருசம் கழிச்சுதான்னு சொல்லிட்டனேய்யா” என்று முணுமுணுத்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியதும் எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. தங்கள் மாலையை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. சாவுக்கு வந்த மாலையைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது, சாமிக்குப் போடவும் ஆகாது, வீட்டில் வைக்க ராசம்மாளுக்கு நடுக்கம். கடைசியில் வெளியே கரண்ட் கம்பத்தில் மாட்டினாள். மறுநாள் லைன்மேன் வந்து, இந்தக் கம்பத்தில் யாருக்கு ஷாக் அடித்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தாங்கள் யோசிக்க வேண்டியது இவ்வளவுதான். செத்துவிட்டதாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கில் தங்கள் சம்பந்தி நூறு வயசுக்குக் குறையமாட்டான், இதைவிடத் திடமான சம்பந்தி தாலுகாவில் கிடைக்க மாட்டான். தீட்டு இல்லை, துக்கம் இல்லை, ஒரு வருஷம் தள்ளி வைக்கக் காரணமே இல்லை. இலக்கியா மாப்பிள்ளையோடு மூன்று நாளாகப் பேசவில்லை. “எங்கப்பாவ டிசைன் பண்ணியே கொன்னுட்டீங்க” என்று ஒரே ஒரு வரி அனுப்பினாளாம். பிள்ளை அங்கே சாப்பிடாமல் இருப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து மண்டபத்துக்கு மறுபடி ஒரு வார்த்தை சொல்லி வைகாசி பதினைந்தையே உறுதி செய்யுங்கள். என் பங்குக்கு நான் சத்தியம் செய்கிறேன். இனி அந்தப் போனைத் தொட மாட்டேன், எந்தப் பேட்ஜும் வாங்க மாட்டேன், யாரையும் ஊக்குவிக்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. பெரியப்பாவுக்கு மன்னிப்பும் நீண்ட ஆயுளும். நாளைக் காலை முதல் தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
உயிரோடும் பயத்தோடும்,
தங்கள் சம்பந்தி
பஞ்சநாதன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அரிசிப் பானைக்குள்ளிருந்து மணி அடித்தது. இன்றைய பாடம் படிக்கவில்லை, தீ அணையப்போகிறது என்றது. முப்பது நாள் தீ, சம்பந்தி. ஒரே ஒரு பாடம் என்று எடுத்தேன். ஒருவரைச் சேர்த்துவிட்டால் எனக்கு ‘வழிகாட்டி’ பேட்ஜ், சேர்கிறவருக்குப் படத்தோடு ஒரு பெரிய பேட்ஜ் உண்டு என்றது. என் மேல் கோபமாக இருக்கிற தங்களுக்கும் யாராவது அபாரம் என்று சொன்னால் மனசு குளிருமே என்று தங்களையே சேர்த்துவிட்டேன். முதல் பாடத்தைத் தங்கள் சார்பில் நானே படித்தேன். ஆவணியில் அறுபது நிறைகிறது என்று தாங்கள் சொன்ன தேதியைக் கொடுத்தேன். போட்டோவுக்கு, நிச்சயதார்த்தத்தன்று நான் தங்களுக்குப் போட்ட சம்பந்தி மாலையோடு எடுத்தது இருந்தது. வந்த பேட்ஜைத் தங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன். போன தடவை தொட்ட மூன்று குழுவும் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இதுவரை அறுபத்திரண்டு கும்பிடும் கை வந்திருக்கிறது. தாங்கள் உயிரோடு இருப்பதாகத் தெருவில் நின்று கத்திப் பார்த்தேன், “நீயும் அப்படித்தான்யா சொன்ன, நாங்க நேர்ல பாத்துக்கறோம்” என்று சாலமன் பேசிவிட்டான். தங்களுக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். எனக்கே இப்போது லேசாகப் பயமாக இருக்கிறது. நூர் முஹம்மது வேன் பிடித்துவிட்டார். மரியாதையில் எங்கள் பக்கம் குறை வைக்கவில்லை, தாங்கள் எனக்குக் கொண்டு வந்ததைவிட அரை முழம் பெரிய மாலையாகவே வாங்கியிருக்கிறார்கள். தபாலுக்கு நேரமில்லாததால் இந்தக் கடிதத்தை அந்த வேனிலேயே கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து வாசலில் நின்று ஏதாவது தின்றுகொண்டிருங்கள். சாலமன் ஒரு கையில் மாலையும் ஒரு கையில் கடிதமுமாக இறங்குவான். கடிதத்தை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.